கொடுக்காத சீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஆண்டாளைச் சேவிக்கப் போவார்கள். நான் குதிரைக்குப் போவேன். சட்டைப் பையில் இருபது, இருபத்தைந்து துண்டுச் சீட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த ரேஸ், குதிரையின் நம்பர் என்ன, எவ்வளவு, கட்டியவர் யார் என்பதற்கு ஓர் அடையாளம். ஊரில் சீட்டுகளைச் சேர்த்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், ஜெயித்தவனுக்குரியதை வாங்கி வந்து சேர்ப்பதும் என் வேலை. எண்பதுகளின் நடுவில் நாலு வருஷம் இதைச் செய்தேன். அந்த நாலு வருஷத்தில் நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. அதில் எனக்கு அப்படியொரு பெருமை. என் அத்தான் செத்ததற்கு அந்தப் பெருமைதான் காரணம். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மற்ற நாட்களில் நான் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க். ரேஸ் நடப்பதெல்லாம் மெட்ராஸில், பெங்களூரில், கோடைக்கு ஊட்டியில். எங்களில் முக்கால்வாசிப் பேர் குதிரையைச் சர்க்கஸில் பார்த்ததோடு சரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வகுப்பு கிடையாது. மிஷின்களுக்கெல்லாம் கறுப்பு ரெக்சின் உறை மாட்டியிருக்கும். வரிசையாக நின்ற அந்தக் கறுப்பு உறைகளுக்கு நடுவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பந்தயப் பணம் வாங்கிக்கொள்கிற இன்ஸ்டிட்யூட்காரர் உட்கார்ந்திருப்பார். சட்டத்துக்கு விரோதமான காரியம் என்பதால் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள், ஜன்னலும் சாத்தியே இருக்கும். பன்னிரண்டு மணிக்குள் சீட்டு அவர் கைக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆண்டாளே வந்து நீட்டினாலும் வாங்க மாட்டார்.

சீட்டு சேர்க்கச் சேர்க்க எனக்கு ஆட்களைப் படிக்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒருவன் எப்படிப் பந்தயம் கட்டுவான் என்பதை அவன் பஸ் ஏறுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு நிதானமாக ஏறுகிறவன், எல்லாரும் கட்டுகிற குதிரையில், முதல் மூன்றில் வந்தால் போதும் என்று கட்டுவான். பஸ் நகர்ந்த பிறகு ஓடி வந்து தொற்றுகிறவன் போன வாரம் விட்டதையெல்லாம் இந்த வாரம் ஒரே ரேஸில் பிடிக்கப் பார்ப்பான். அதையும் விட்டுவிட்டு வீட்டில் போய்ச் சட்டியை உடைப்பான்.

தேவதானத்திலிருந்து பட்டாளத்துக்காரர் ஒருவர் வருவார். பட்டாளத்தில் தனக்குக் கொடுத்த நம்பரின் கடைசி எண் எதுவோ அந்தக் குதிரைதான், வருஷம் முழுக்க. தோற்றாலும் முகம் மாறாது. உத்தரவை நிறைவேற்றிவிட்ட திருப்தி அவருக்கு. மாந்தோப்பு வைத்திருந்த தெலுங்குக்காரர் ஒருவர் குதிரையின் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்காமல் சீட்டு எழுதவே மாட்டார். வீட்டில் ஜாதி நாய் வளர்த்தவர். நாயை அவர் பாஷையில் குக்க என்பார். குக்கவானாலும் குதிரையானாலும் ரத்தம் பேசும் என்பார். அவர் மகன் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி மட்டும் ரத்தம் என்ன சொல்கிறது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. டிராயிங் மாஸ்டர் ஒருவர் யாரும் சீண்டாத குதிரையைத்தான் கட்டுவார். அதே குதிரையை இன்னும் இரண்டு பேர் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் சீட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுவார். அவருக்கு ஜெயித்தால் போதாது, தனியாக ஜெயிக்க வேண்டும்.

மடித்த சீட்டைப் பிரிக்கும் முன்பே உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மனுஷனை அளக்கிற வித்தை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறவனைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சொன்னவரை ஏதாவது ஒரு வகையில் சேர்த்திருப்பேனே தவிரக் கேட்டிருக்க மாட்டேன்.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஒரு நட்டை முடுக்கினால் கை வைத்துப் பார்ப்பார், இரண்டடி போனபின் திரும்பி வந்து மறுபடியும் கை வைத்துப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. “அவிய கொட்டாவி விடக்கூட ரெண்டு தடவ யோசிப்பாவ” என்று அக்கா கேலி பண்ணுவாள். ரேஸிலும் அப்படித்தான். வாரத்துக்கு இரண்டு ரூபாய், ஊரே கட்டுகிற குதிரை, முதல் மூன்றில் வந்தால் போதும். நாலு வருஷத்தில் அந்த இரண்டு ரூபாய் மூன்று ரூபாய் ஆகவில்லை. நான் படித்ததிலேயே சுலபமான புத்தகம் அவர்தான் என்று வைத்திருந்தேன்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, பங்குனியில் அவருக்கு வயிற்று வலி வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். வயிற்றில் கட்டி இருப்பதாகவும், இப்போதே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார், ஆறு மாசம் தள்ளினால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும் டாக்டர் அத்தான் முன்னாலேயே சொன்னார். அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் அவரோடு வேலை பார்த்த ஒருவர் இதே மாதிரி ஆபரேஷனுக்கு நடந்து போய், பாயில் சுருட்டிய பிணமாகத் திரும்பி வந்தார். அது அவர் மனசில் கிடந்தது. வாரம் வாரம் போனது. கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். அக்கா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு தெரியாதபோது செய்வது அது. வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி இன்னொரு பொட்டலத்தில், இரண்டும் ஒரே மாதிரி கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும். பொட்டலம் கை தவறி விழுந்தாலோ காற்றில் போய்விட்டாலோ சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று பொருள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

அக்காவுக்கு வெள்ளை வந்தது. ஓடி வந்து அத்தானிடம் சொன்னாள். கட்டினது யார் என்று அத்தான் கேட்டார். நான்தான் என்றாள். எடுத்தது யார் என்று கேட்டார். நம் பிள்ளைதான் என்றாள். அத்தான் எழுந்து மில்லுக்குப் போய்விட்டார்.

சித்திரை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார். எப்போதும் சனிக்கிழமை வீட்டில் வைத்துத்தான் சீட்டுக் கொடுப்பார். அன்று தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார். சீட்டை என் கையில் வைத்துப் பணத்தையும் வைத்தார். அவர் சம்பளத்தில் பாதி. ஊட்டியில் மூன்றாவது ரேஸ், ஏழாம் நம்பர், முதலாவதாக வந்தால்தான் உண்டு.

அந்தக் குதிரையைப் பற்றி ரேஸ் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். அடிபட்டுக் கால் போய் ஒரு வருஷம் லாயத்தில் நின்ற குதிரை. அதை ஓட விடுகிறார்கள் என்பதே அதிசயம் என்று போட்டிருந்தது. டிராயிங் மாஸ்டர்கூட அதைத் தொடவில்லை.

“அத்தான், இது கால் போன குதிரைல்லா.”

“தெரியும் மாப்ள. அதனாலதான்.” பஸ் புறப்பட்ட பிறகும் கூடவே நடந்து வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மறந்துராம கொடுத்துரு. பன்னெண்டு மணிக்குள்ள.”

அவர் பந்தயம் கட்டவில்லை. ஆபரேஷனுக்குப் போகட்டுமா வேண்டாமா என்று உத்தரவு கேட்டார். அக்கா அரளிப் பூவில் கேட்டதை அவர் குதிரையில் கேட்டார். எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நன்றாகப் படித்துவைத்திருந்த ஒரு மனுஷன் இன்றைக்குத் தன் வகையை விட்டு வெளியே நிற்கிறான் என்பதுதான். வியாதி இவர் புத்தியைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மதுரைச் செலவுக்கு வேண்டிய பணம் இது, நொண்டிக் குதிரையில் போய்ப் போடுகிறார், நாளைக்கே நினைத்து நினைத்து அழுவார், பைத்தியம் தெளிந்ததும் திருப்பிக் கொடுத்தால் என் கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் மளமளவென்று ஓடியது. கோபுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது நான் தீர்மானித்துவிட்டேன். அந்தச் சீட்டை மட்டும் எடுத்து மணிபர்ஸில் தனியாக வைத்தேன். நல்ல காரியம் செய்கிறவனுக்கு வருமே ஒரு நிம்மதி, அது எனக்கு வந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்ஸ்டிட்யூட்காரர் சீட்டுகளை எண்ணி வாங்கினார். வேறு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பன்னிரண்டு மணி ஆனது. வெயில் ஓட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்க முடியாததால் எல்லாரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு போனையே பார்த்தோம். முதல் ரேஸ் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதுக்குப் போன் வர நேரமானது. வந்ததும் அவர் கேட்டுக்கொண்டே பேப்பரில் எழுதினார். எழுதின எண்ணை எதிர்ப்புறத்திலிருந்து நான் தலைகீழாகப் படித்தேன். ஏழு.

அவருக்கு வாயெல்லாம் பல். அந்த ரேஸில் ஏழாம் நம்பரை ஒருவரும் கட்டவில்லை, வந்ததெல்லாம் அவருக்குத்தான். கீழே ஆள் அனுப்பிப் பால்கோவா வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். ஜெயித்த தொகையைக் கொடுக்க என்னிடம் வழியில்லை, சீட்டை நானே அமுக்கினேன் என்று தெரிந்தால் ராஜபாளையத்தில் ஒரு பயல் என்னை நம்ப மாட்டான். என்ன சொல்வது என்று திரும்பி வருகிற பஸ்ஸிலேயே தயார் பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை போனேன். அத்தான் வாசல் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திண்டில் அன்றைய பேப்பர், ரேஸ் முடிவு போட்ட பக்கம் மேலே தெரிய மடித்திருந்தது. ஏழு ஜெயித்தது அவருக்குத் தெரியும். வழியில் பஸ் நின்றுவிட்டது, போய்ச் சேர நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பணத்தையும் சீட்டையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவன் வாங்கலையா, இல்ல நீ கொடுக்கலையா?”

ஃபிட்டர் கேட்கிற கேள்வி அது. எங்கே கழன்றிருக்கிறது என்று கை வைத்துப் பார்க்கிற கேள்வி. உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

“வாங்கலை அத்தான்” என்றேன்.

அவர் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பல நாளாகத் தூங்காதவன் படுக்கப் போகிற மாதிரி ஒரு அமைதி வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. உட்காரச் சொன்னார். அப்போதுதான் சொன்னார்.

“உங்க அக்கா பூக்கட்டிப் பாத்தா. கட்டுனது அவ, எடுத்தது நம்ம பிள்ள. அதுல சாமி எங்கிட்டு இருக்கு? நம்ம ஆளுக கை படாத ஒண்ணுலதான் கேக்கணும்னு தோணுச்சு. ஊட்டியில ஓடுத குதிரைய ராஜபாளையத்துல இருந்து யாரு தொட முடியும்? கால் போன குதிரை செயிச்சா நானும் மதுரைக்குப் போயிருதேன்னு நெனச்சுத்தான் கட்டுனேன்.”

குதிரைதான் ஜெயித்துவிட்டதே அத்தான், உத்தரவு கிடைத்த மாதிரிதானே என்று அவசரமாகச் சொன்னேன்.

“குதிரை ஊருக்குச் செயிச்சுருக்கு. எஞ் சீட்டு அங்க போய்ச் சேரவே இல்லையே. பொட்டலம் கீழ விழுந்தா என்ன அர்த்தம் மாப்ள? கேக்காதன்னு அர்த்தம். பொறவு நான் யாருகிட்டப் போய்க் கேக்க?”

கேட்கிற விஷயம் பெரிது என்பதால் வைத்த காணிக்கையும் பெரிதாக இருந்திருக்கிறது. அந்தப் பணத்தை என்னிடமிருந்து வாங்கி அன்றே கோயில் உண்டியலில் போட்டுவிட்டார். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம், அவள் மனசு உடைந்துபோவாள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

நான் கொடுக்கவில்லை என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். கோபப்பட்டிருப்பார், ஒருவேளை கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார், பிறகு மதுரைக்குப் போயிருப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். வருகிற வழியிலேயே மறுபடியும் அவரைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பிப் பார்க்கிற ஆள்தானே, பத்து நாளில் வலி கூடினால் தானாகவே மனசு மாறுவார், நான் ஏன் என் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று. பட்டும் புத்தி வரவில்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன், பூட்டிவிட்டது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் திரும்பியே பார்க்க மாட்டான். அது என் கணக்கில் இல்லை.

வைகாசி போனது, ஆனி போனது. ஆடியில் அவரால் மில்லுக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஆபரேஷன் பண்ணச் சொல்லி அவரோடு வாதாடினார்கள். பயந்தாங்கொள்ளி என்று அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். நான் சொன்னால் கேட்பார் என்று அக்கா என்னை இரண்டு மூன்று தடவை அனுப்பினாள். போவேன், பக்கத்தில் உட்காருவேன், விசிறுவேன், வாயைத் திறக்க மாட்டேன். சொல்லாத ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. ஐப்பசியில் அக்கா ஆள் வைத்துத் தூக்கிக் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் விரும்பினதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வருகிற காரில் அத்தான் தலை என் மடியில் இருந்தது. முன்சீட்டில் அக்கா அழுதுகொண்டு வந்தாள். அவளுக்குக் கேட்காத குரலில் அவர் என்னிடம் சொன்னார்: “எங்கூட வாதாடாம இருந்தது நீ ஒருத்தன்தான் மாப்ள. நீ என்னயப் புரிஞ்சுக்கிட்ட.”

அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் சாகும்போது எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மார்கழியில் இறந்தார். அதோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதை விட்டேன். சீட்டுச் சேர்க்க வேறு ஒருவன் வந்தான். எல்லாருக்கும் ஒரு வகை வைத்திருந்த நான் என்ன வகை என்பது அந்த வருஷம் எனக்குத் தெரிந்தது. தன் காசில் கை வைக்காமல் அடுத்தவன் உயிரை வைத்து ஆடுகிறவன்.

அக்காவுக்குச் செத்தவர்மேல் கோபம் ஆறவேயில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மகள் கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட, தகப்பன் இருந்து செய்ய வேண்டிய காரியம், கத்திக்குப் பயந்து எங்களை நடுத்தெருவில் விட்டுப்போன மனுஷன் என்று வந்தவர்கள் முன்னால் சொன்னாள். பிள்ளைகளும் அதைக் கேட்டுக் கேட்டு அப்பாவைக் கோழை என்றே நம்பி வளர்ந்திருந்தார்கள். அன்று அதைக் கேட்டுக்கொண்டு என்னால் காப்பியைக் குடிக்க முடியவில்லை. வந்தவர்கள் போனதும் அடுப்படிக்குப் போனேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, பர்ஸ், பால்கோவா, வாங்கலை என்று சொன்னது, எதையும் விடவில்லை. அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசி வெண்டைக்காய் வரை நறுக்கி முடித்தாள்.

“அந்தக் குதிரை செயிச்சிருச்சா?” என்று கேட்டாள்.

ஜெயித்தது என்றேன்.

“அப்போ சாமி சரின்னுதான் சொல்லிருக்கு” என்றாள். “நீதான் வேண்டாம்னுருக்க.”

அவள் அழவில்லை, ஏசவில்லை. கல்யாணத்தில் மாமன் செய்ய வேண்டிய முறையெல்லாம் என்னைத்தான் செய்யச் சொன்னாள், நானும் செய்தேன். இப்போதும் போனால் இலை போட்டுச் சோறு போடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. வாசலில் என் தலையைக் கண்டதும் எழுந்து நின்று, ஊர்க்காரர் யாரோ வந்த மாதிரி, “வாங்க” என்கிறாள்.